நூத்தியறுபது டிகிரி

— அந்தப் பெட்டியோட மேல் ஓட்டை வழியா விட்டுப் பாருங்க அண்ணாச்சி. பாத்து, கை சுட்டுரும்.

— இது எங்க கம்பெனி தெர்மாமீட்டர் சிஸ்டர். எடுத்தாறேன்னு உங்ககிட்ட சொன்னதோட சரி, மறந்தே போனேன். இன்னிக்கு எடுத்து வச்சா, எம் பொண்டாட்டி முனிலட்சுமிக்கு வலி கண்டுடுச்சு. ஒரு கையில இது, ஒரு கையில அவளப் புடிச்சிகினு ஆட்டோ ஏறுனேன். உள்ள இன்னும் கத்திகினே இருக்கா பாருங்க.

— தலைப்பிரசவம்லா, அப்படித்தான் இருக்கும். டாக்டரம்மாவும் ஆயா நஞ்சம்மாவும் கூட இருக்காவ. பயப்படாதீங்க.

— இந்தப் பெட்டி மேல என்னங்க சந்தேகம் உங்களுக்கு?

— இங்க இருந்த பெட்டி கருகிப் போச்சு. இது பெங்களூர்ல யாரோ குடுத்த பழசு. கத்திரி, ஊசி எல்லாத்தையும் இதுக்குள்ள வச்சுத்தான் கிருமி சாவச் சூடு பண்ணுதோம். இது வந்தப்புறம், தையல் போட்ட பொம்பளையளுக்கு சீழ் வைக்குது, காய்ச்சல் அடிக்குது. கெலமங்கலத்துக்காரி ஒருத்திய பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனோம். பொணமாத்தான் ஊர் திரும்புனா.

— டாக்டரம்மா என்ன சொல்றாங்க?

— தண்ணி சரியில்லங்காவ. எனக்குத்தான் மனசு ஆறல. சரி, எவ்வளவு காட்டுது?

— எழுபத்தொண்ணு.

— நல்லாப் பாருங்க. கதவுல முள்ளு நூத்தியறுபதுல நிக்கு. எங்க படிப்புல சொல்லிக் குடுத்ததும் நூத்தியறுபதுதான்.

— எத்தினி தபா பாத்தாலும் எழுபத்தொண்ணுதாங்க. தண்ணி கூட கொதிக்காது இந்தச் சூட்டுல.

— அப்பம் ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது.

— இருங்க சிஸ்டர். முள்ளுக்குக் கீழ பெயிண்டு அப்பியிருக்கு. அடியில ஏதோ எழுத்து.

— ஸ்பிரிட் போட்டுத் துடைக்கேன்... எஃப்.

— பாரன்ஹீட்டுங்களா?

— நூத்தியறுபதுல முப்பத்திரண்டு போனா நூத்தி இருபத்தெட்டு. அஞ்சால பெருக்கி, ஒம்பதால வகுத்தா... எழுபத்தொண்ணு. ரெண்டும் பொய் சொல்லல அண்ணாச்சி. நான்தான் இத செல்சியஸ்னு நெனச்சு வச்சிட்டிருந்திருக்கேன். முள்ளு முன்னூத்தி இருபதுல நின்னிருக்கணும்.

— அப்ப இதுவரைக்கும் உள்ள வச்சு எடுத்தது?

— ஒண்ணுலயும் கிருமி செத்திருக்காது.

— சிஸ்டர். இப்ப முனிலட்சுமிக்கு உள்ள வச்சிருக்கிற கத்திரி?

— இதுலருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். தள்ளுங்க, உள்ள போவணும்.

— அழுவுது சிஸ்டர். கேக்குதுங்களா? எம் புள்ள அழுவுது.

— கேக்குது. வழிய விடுங்க அண்ணாச்சி. இந்தா, நஞ்சம்மாவே வாறா. நஞ்சம்மா, டாக்டரம்மா அந்தக் கத்திரியத் தொடக் கூடாது, ஓடிப் போய்ச் சொல்லு.

— அது எதுக்கு சிஸ்டரம்மா இனிமே? தொப்புள் கொடி வெட்டியாச்சு, ஆம்பளப் புள்ள. தையல் கொஞ்சம் பெருசாம். அந்தப் பெட்டியிலருந்து இன்னொரு தட்டு ஊசி சூடா எடுத்தாரச் சொன்னாங்க.