மார்க்கெட் மூடட்டும்

எனக்கு வீடு கட்டும் நிறுவனங்களைவிடச் சோப்பு செய்யும் நிறுவனங்களைத்தான் பிடிக்கும். மனிதன் தினமும் குளிக்கிறான். வீடு வாங்குவது ஆயுளில் ஒருமுறை, அதுவும் அரை மனதோடு. ஆனால் பங்கு ஆய்வாளனாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது சோப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். செங்கல்லையும் சிமெண்டையும் என் தலையில் கட்டினார்கள்.

உட்காருங்கள், அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். இடிந்த கட்டடத்தைக் கட்டிய நிறுவனத்தையும் அதன் போட்டி நிறுவனத்தையும் நான் எப்படி ஒப்பிட்டேன் என்று மட்டும்தான் கேட்டீர்கள். விசாரணை அதிகாரி என்றால் இன்னும் கடுமையாகக் கேட்பீர்கள் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

ஆண்டறிக்கைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டு படம் எடுத்திருப்பார்கள். நேரே சைட்டுக்குப் போய் முட்டுக் கம்புகளைப் பார்ப்பேன். கான்கிரீட் தளம் போட்டதும் அது இறுகும்வரை அடியில் தாங்கி நிற்பவை அவை. அவற்றைச் சீக்கிரம் பிரிக்கும் நிறுவனம் அடுத்த மாடிக்குச் சீக்கிரம் போகும், லாபமும் சீக்கிரம் வரும். பொறுத்துப் பிரிக்கும் நிறுவனத்தில் எல்லாமே தாமதம், ஆனால் தூக்கம் வரும். எனக்குள் ஒன்றை அவசரக்காரன் என்றும் மற்றதை நிதானக்காரன் என்றும் அழைத்துக்கொள்வேன்.

நிதானக்காரனில்தான் என் மச்சினன், மனைவியின் தம்பி, சைட் இன்ஜினியராக இருந்தான். தளத்தில் தண்ணீர் கட்டிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் காலையும் மாலையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவனை நம்பித்தான் வருஷக்கணக்காக நிதானக்காரனை வாங்கச் சொல்லி எழுதினேன். எங்கள் சேமிப்பையும் அதிலேயே போட்டேன். அவனும் தன்னுடையதை என்னிடமே கொடுத்தான். ஆய்வு செய்யும் பங்கை நானே வைத்திருப்பது விதிப்படி தவறு. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பங்கு அசையவே இல்லை. அவசரக்காரன் ஏறிக்கொண்டே போனான். அலுவலகத்தில் எனக்குச் 'சிமெண்ட் சாமியார்' என்று பெயர் வைத்தார்கள். மேலாளர் சாப்பாட்டு நேரத்தில் தோளைத் தட்டி, "உங்க கம்பெனி எப்ப சார் கண்ணு முழிக்கும்?" என்பார். மனைவி எதுவும் கேட்கமாட்டாள். பெருமூச்சு மட்டும் விடுவாள். சொன்னது சரி என்று தெரிந்தும் முட்டாளாக நிற்பது எவ்வளவு அலுப்பு தெரியுமா? எனக்கு அலுத்துவிட்டது. பிறகு நான் செய்ததற்கு அவ்வளவுதான் காரணம், வேறு பெரிதாக எதையும் தேடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாமா, வேலை மெதுவா போகுதுன்னு மேல இருக்கிறவங்க போட்டு வாட்டுறாங்க."

"முட்டுக்கம்பைச் சீக்கிரம் பிரி."

"ஐயோ, எங்க கலவைக்கு அது தாங்காது மாமா."

"அவங்களுக்குத் தாங்குதே. இத்தனை கட்டடம் கட்டிட்டாங்க, ஒண்ணாவது விழுந்துச்சா?"

அவசரக்காரன் விலை கூடிய கலவை போடுகிறான், அது சீக்கிரம் இறுகும் என்பது எனக்குத் தெரியும். மச்சினனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் தலையாட்டினான். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு நினைப்பு.

அதற்குப் பிறகு மாடிகள் மளமளவென்று எழும்பின. பங்கும் எழுந்தது. மேலாளர் எனக்கு ஜன்னலோர மேசை கொடுத்தார். மனைவி புதுத் திரைச்சீலை வாங்கினாள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த நாள் மதியம் மச்சினன் போன் செய்தான். "மாமா, தளத்துக்கு அடியில விரிசல் தெரியுது. முடி மாதிரிதான் இருக்கு, ஆனா காலையில இல்ல. கீழ ஆளுங்க பூசிக்கிட்டிருக்காங்க. எல்லாரையும் வெளிய அனுப்பிடவா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வேலை நின்றால் செய்தி கசியும். செய்தி கசிந்தால் விலை சரியும். இது என் தொழில், யோசிக்கவே வேண்டியதில்லை.

"பதறாத. இப்ப அனுப்பினா ஊரே பேசும். மார்க்கெட் மூடட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம்."

போனில் யாரோ ஒருவர் பூச்சுக் கரண்டியால் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி மாமா. நானும் இவங்களோடயே இருக்கேன்" என்றான்.

நான் விற்க ஆரம்பித்தேன். மொத்தமாக விற்றால் விலை இறங்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக விற்றேன். முதலில் எங்களுடையது, பிறகு அவனுடையது. கடைசிப் பகுதியும் விற்றுத் தீர்ந்தபோது கட்டடம் இடிந்த செய்தி திரையில் ஓடியது. மார்க்கெட் இன்னும் மூடவில்லை. பூசிக்கொண்டிருந்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை. அவனும் வரவில்லை.

மனைவிக்கு இது எதுவும் தெரியாது. தம்பியின் பணத்தையாவது காப்பாற்றினீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதில் தப்பில்லை; நல்ல விலைக்குத்தான் விற்றுக்கொடுத்தேன்.

எனக்கு அவன்மேல் ஒரே ஒரு வருத்தம். அன்றைக்கு மட்டுமாவது என் பேச்சை மீறி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். சைட்டில் நின்றவன் அவன்தானே, நானா?