ஹயனோடனுக்கு அந்தியேட்டி

குருநகர்க் கடற்காற்றில் வளர்ந்து, கரவெட்டிக்கு நாள்தோறும் பஸ்ஸேறி வந்து, விலங்கியலை எங்கள் பிள்ளைகளின் விருப்பப் பாடமாக்கிய வித்தகியே! கண்டிப்பிலும் கனிவு குன்றாத ஜெசிதா ரீச்சரே! வணக்கம்.

தங்கள் குணங்களை அடுக்கினால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் சபையோருக்குச் சொல்கிறோம்; பொறுத்தருள்க.

ஒருமுறை மாகாண விஞ்ஞானக் கண்காட்சிக்காக ரீச்சர் தம் வீட்டில் மாதக்கணக்காக மினக்கெட்டு, பிளாஸ்டரில் ஒரு மண்டையோடு செய்தார். ஹயனோடன்! நாய் போன்ற முகம். ஆனால் நாயினமும் அல்ல, பூனையினமும் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் காடுகளைக் கலக்கிவிட்டு, வாரிசின்றி அற்றுப்போன ஊனுண்ணி. பல்லுக்குப் பல் அவரே தீட்டி, பழைய எலும்பின் நிறமும் பூசினார். அதைக் காட்டும் நாளுக்காகவே காத்திருந்தார்.

இடையில் நவராத்திரி வந்தது. கற்பிக்கும் பொருள்களைப் பாடசாலைப் பூசைக்கு வைக்கும் வழக்கப்படி, வீணைக்குப் பக்கத்தில் அதையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பூசைக்குப் பொறுப்பான சமய ஆசிரியர் தியாகலிங்கம் சேருக்கு அது மெய்யான மண்டையோடாகவே பட்டது. மறுநாள் ரீச்சர் தேடியபோது சேர் சொன்னார்:

"செத்தவையின்ரை சாம்பல் கரைக்கிற கீரிமலைக் கடலிலை விட்டிட்டன் ரீச்சர். வாயில்லாச் சீவனெல்லோ? வெள்ளைத் துணியிலை சுத்தி, எள்ளும் தண்ணியும் இறைச்சு, அந்தியேட்டிக் கிரியையை முறையாத்தான் செய்தனான்."

ரீச்சருக்குக் கோபத்தில் அழுகையே முட்டியது. அது பிளாஸ்டர் என்று அறிந்ததும் சேர் தலைகுனிந்தபடியே நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் ரீச்சருக்கு மனம் இளகிவிட்டது.

"விடுங்கோ சேர். வாரிசில்லாத சீவனுக்கு அந்தியேட்டி செய்ய ஆர் இருக்கினம்? நீங்களாவது செய்தியள்."

கண்காட்சிக்கு, மண்டையோட்டை வைக்கச் செய்திருந்த பீடத்தை வெறுமையாகவே கொண்டுபோனார். "ஹயனோடன்: அற்றுப்போய்விட்டது" என்று ஓர் அட்டை. பக்கத்தில் நின்று, இரு கைகளையும் தாடையாக்கி, பற்கள் இறைச்சியை வெட்டும் விதத்தைத் தொண்டை கட்டும்வரை விளக்கினார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் அந்தப் பீடத்தை விட்டு நகரவில்லை.

"இனி வரவே வராதா ரீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"வராது பிள்ளை. அதுதான் இடத்தை விட்டு வைச்சிருக்கிறன்."

அந்தப் பீடம் இன்றும் ஆய்வுகூடத்தில் வெறுமையாகவே இருக்கிறது. அதில் ஒரு போத்தல் வைக்கக்கூட எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்பு ரீச்சரே! இன்று ஓய்வு பெறுகிறீர்கள்; திங்கட்கிழமை முதல் தங்கள் கதிரையும் வெறுமையாகும். நினைக்கவே நெஞ்சு கனக்கிறது. நோய் அண்டாமல், நிம்மதி குன்றாமல், நெடுங்காலம் வாழ்க! ஹயனோடன்தான் திரும்பி வராது, தாங்கள் வரலாம். கரவெட்டிக்கு இன்னும் பஸ் ஓடுகிறது.

இடத்தை விட்டு வைத்திருக்கிறோம்.

என்றும் தங்கள்,
ஆசிரியர் குழாம்