புடிச்சுத் தைக்க ஆறு சட்டை

இல்ல புள்ள, மாத்திர ஒண்ணும் போடல. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. கொழும்புல இருந்து என்னமோ பவுடர் எடுப்பிச்சுக் குடிச்ச மாதிரியும், அத நான் அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு யாருக்கும் காட்டாத மாதிரியும். நீ வாயில குண்டூசிய வச்சுக்கிட்டு சிரிக்காத, முழுங்கித் தொலச்சிருவ. கையத் தூக்கணுமா? இந்தா. ஆமா, கக்கத்துலதான் ரொம்ப லூசு. ஒண்ண அளந்துக்கிட்டா போதும், ஆறு சட்டையும் அதே அளவுல புடிச்சுத் தச்சிரு. அந்த வெள்ளச் சட்டைய மட்டும் மொதல்ல முடி. புதுசு தைக்கச் சொல்றியா? எதுக்கு? இருக்குறத புடிச்சுத் தந்தா போதும்.

எண்பத்தாறு கிலோ இருந்தேன். சொல்றதுக்கு என்னா வெக்கம்? கொன்வென்ட்ல படிக்கிறப்ப நான் ஈர்க்குக் குச்சி. கிறிஸ்மஸ் நாடகத்துல ஆட்டிடையன் வேசம் குடுத்த சிஸ்டர், இதுல எது இடையன், எது தடின்னு கேட்டாங்கன்னா பாரேன். பொறகு கல்யாணம், புள்ள, குசினி. புள்ள தட்டுல மிச்சம் வச்சது, அவரு மிச்சம் வச்சது, சட்டியில ஒட்டிக்கிட்டிருந்தது எல்லாத்தயும் வீணாப் போகக் கூடாதுன்னு வழிச்சு வழிச்சு வயித்துல போட்டேன். எங்க வீட்டுல குப்ப வாளியே தேவப்படல ரிஸ்கா, அதான் நான் இருந்தேனே.

கல்யாணமா, யாருக்கு? ஓ, மகளுக்கான்னு கேக்குறியா. மகளுக்காகத்தான், ஆனா கல்யாணத்துக்கு இல்ல.

நிலுக்ஷின்னு பேரு. ஒண்ணே ஒண்ணு. ஏ எல் பரீச்ச எழுதி முடிச்ச கையோட கால் வீங்குச்சு, மூஞ்சி வீங்குச்சு, கொண்டு போய்க் காட்டுனா ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. பத்தொன்பது வயசுப் புள்ளைக்கு. கெழமைக்கு மூணு தரம் ஸ்பிரிங்வெளி தேயிலத் தோட்டத்துல இருந்து எறக்கிட்டு வந்து ஆஸ்பத்திரியில ரெத்தத்த சுத்தம் பண்ணணும். அவங்க அப்பாவோட கிட்னி சேரல. அன்னைக்கு அந்த மனுசன் அழுத அழுகை இருக்கே. என்னோடது சேந்துச்சு. நான் ராணி மாதிரி எந்திரிச்சு நின்னேன். கொழும்பு டொக்டர் என்னய மேலயும் கீழயும் பார்த்துட்டு, அம்மா, நீங்க குடுக்கலாம், ஆனா இந்த ஒடம்புல கத்தி வைக்க மாட்டேன், எழுபதுக்கு எறங்கி வாங்கன்னாரு. ஏதோ மாடிப்படியில நிக்கிறவளக் கூப்புடுற மாதிரி.

எறங்கணும். நான் எறங்குற வரைக்கும் என் புள்ள அந்த மிசின்ல கெடக்கணும். ஒரு துண்டு பாண எடுத்தாலும் அது எனக்குப் பாணாத் தெரியாது, அவ மிசின்ல கெடக்குற இன்னொரு நாளாத்தான் தெரியும். அப்பிடி இருந்தா ஒனக்கும் எளைக்கும் புள்ள. பவுடர் தேவையில்ல.

அதுக்காகப் பசிக்காம இருந்துச்சுன்னு நெனைக்காத. பசி வேற, ஆச வேற. பசிய ஏமாத்திப்புடலாம். சுடுதண்ணியக் குடி, வெள்ளரிக்காய நறுக்கித் தின்னு, அது பாவம், வாயப் பொத்திக்கிட்டுப் படுத்துக்கும். ஆச அப்பிடி இல்ல. அது மாமியா மாதிரி, கதவச் சாத்துனா ஜன்னல்ல வந்து நிக்கும். எங்க குவார்ட்டர்ஸுக்குக் கீழ்ப்பக்கம் லயத்துல ரெங்கம்மான்னு ஒருத்தி. வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுக்கு ஓடுறதுக்கு முன்னுக்கு, விடியக்காலயிலேயே ரொட்டி சுட்டுருவா. தேங்காப்பூ போட்ட ரொட்டி. கல்லுல போட்டுக் கொஞ்சம் கருகும் பாரு, அந்த வாசம் ஏறி வந்து என் தலமாட்டுல ஒக்காந்துக்கும். பக்கத்துலேயே அம்மியில கட்டச் சம்பல் அரைக்கிற சத்தம். நான் எந்திரிச்சுப் போய் பல்லு வெளக்குவேன். பல்லு வெளக்கிட்டா ஒண்ணும் ருசிக்காதுல்ல. ஆசப்படுறப்ப எல்லாம் வெளக்கி வெளக்கி என் பல்லு தேஞ்சதுதான் மிச்சம்.

சாயங்காலம் பெக்டரி வரைக்கும் நடப்பேன். அதுக்கும் சிரிப்பு. வேலையில்லாம ரோட்டுல நடக்குற பொம்பளைய தோட்டத்துல யாரு கண்டா? அந்த ரெங்கம்மா மலையில நின்னு கொழுந்து பறிச்சுக்கிட்டே, என்னாக்கா, நேத்துத் தொலச்சது இன்னும் கெடைக்கலயான்னு கேக்குறா. பொறகு நான் எளைக்க எளைக்க அவளுக்கு வேற சந்தேகம் வந்துருச்சு. டிரைவர் சோறு போடுறதில்ல போல, அக்கா மானத்துக்குப் பயந்து சொல்றதில்லன்னு லயம் பூராவும் பேச்சு. ஒரு தட்டுல ரொட்டிய மூடிக் கொண்டாந்து, அவருக்குத் தெரியாம சாப்புடுங்கன்னு குசுகுசுன்னு சொன்னா பாரு. ஆமா, எங்க வீட்டுக்காரரு கொழுந்து லொறி ஓட்டுறாரு. ஜெஸ்டின். கொன்வென்ட்டுல படிச்சவ லொறிக்காரனக் கட்டிக்கிட்டான்னு எங்க அப்பா எத்தனையோ வருசம் மொகம் குடுத்துப் பேசல. அந்த லொறிக்காரர மாதிரி ஒரு மனுசன அவரு ஆயுசுக்கும் பார்த்திருக்க மாட்டாரு.

இந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் புடி. குத்திட்டியா? பரவால்ல, எனக்கு ஒறைக்கல.

நான் பசியில கெடந்தேன், நிலுக்ஷி தாகத்துல கெடந்தா. கிட்னி போனவங்களுக்குத் தண்ணி ஒடம்புல இருந்து வெளிய போகாதுல்ல, அதனால அளந்துதான் குடிக்கலாம். மாத்திர முழுங்கவே பாதி முடிஞ்சிரும். உப்பில்ல. மரக்கறியக்கூட அவிச்சு, தண்ணிய ஊத்திட்டு, மறுபடி அவிக்கணும். சக்கையத் திங்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அவளே சொன்னா, அம்மா, திங்கத்தானே கூடாது, பேசலாம்ல, வாயாலயே சமைச்சுக் காட்டுங்கன்னு. விசர் புள்ளன்னு நெனச்சேன். ஆனா ஆரம்பிச்சேன். பண்டி எறச்சிய எடுத்துக் கழுவுறேன், கொரக்காப்புளி ஊற வைக்கிறேன், மொளகு வறுக்குறேன், சட்டி காயுது. கண்ண மூடிக்கிட்டுக் கேப்பா. ஒண்ண விட்டுட்டுத் தாண்டிப் போக ஏலாது, ரம்ப எல போடலயே நீங்கன்னு புடிச்சுருவா. எறக்கி வச்சு, யாருக்கு எவ்வளவுன்னு கேட்டா, உங்களுக்கு ஒரு கரண்டி, எனக்குச் சட்டிம்பா. சிரிச்சு முடிக்கிறப்ப ஆச அடங்கிப் போயிருக்கும். சத்தியமா. எந்த டொக்டரும் சொல்லித் தராத வைத்தியம்.

கடைசியில மட்டும் எப்பவும் ஒண்ணு கேப்பா. ஒரு கிளாஸ் தண்ணி ஊத்துங்கம்மா, மெதுவா ஊத்துங்க, சத்தம் கேக்கணும். நான் வாயால ஊத்துவேன், களகளன்னு. நாப்பத்தெட்டு வயசுல குசினியில ஒக்காந்துக்கிட்டுத் தண்ணி மாதிரி சத்தம் போட்டிருக்கேன்.

எறங்குனேனா? எறங்குனேன். கொழும்புல தராசுல ஏத்துனாங்க, அறுவத்தொம்பதுக்கு வந்திருந்துச்சு. ஒண்ணு கூடவே எறங்கிட்டேன். டொக்டர் கை குடுத்தாரு. ஒப்பரேசனுக்குத் திகதி குடுத்தாரு. எங்க வீட்டுக்காரரு ஒரு கூட்டாளிக்கிட்ட வேன் எரவல் வாங்கிட்டு வந்திருந்தாரு, மூணு பேருமா திரும்பினோம். அப்பாவும் மகளும் முன்னுக்கு, நான் பின்னுக்கு. பலாங்கொட வரைக்கும் அவ பாடிக்கிட்டு வந்தது ஞாபகம் இருக்கு. பொறகு தூங்கிட்டேன். எத்தன காலத்துத் தூக்கம் அது. பண்டாரவளையிலதான் முழிச்சேன். ரெண்டும் முன்னுக்கு ஒக்காந்து ஒண்ண ஒண்ணு பார்த்துச் சிரிக்குதுக. என்னா சங்கதின்னு கேட்டேன். ஒண்ணும் இல்லயேன்னு ஒரே வாயாச் சொன்னாங்க.

மக்கா நாள் காலையில அவ ரெத்தம் சுத்தம் பண்ண வரணும். அவளுக்குத் தலை சீவி விட்டுக்கிட்டு இருந்தேன். அம்மா, கால் மரத்துப் போவுதுன்னா. பொறகு கை. பொறகு பேச்சில்ல. அவரு தூக்கிப் போட்டுக்கிட்டு வளைவு நெளிவு பார்க்காம எறக்குனாரு. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு அவ நெஞ்சு நின்னு போச்சு.

ஆமா. இல்ல. அவ இல்ல.

அழாத புள்ள, துணி நனைஞ்சிரும். நான் வழக்கமாத் தைக்கக் குடுக்குறவக்கிட்ட போகாம ஒன்னத் தேடி வந்ததே அதுக்குத்தான். அவளுக்கு நிலுக்ஷிய சின்னப் புள்ளையில இருந்து தெரியும், பார்த்த ஒடனே கட்டிப் புடிச்சு ஒப்பாரி வைப்பா. வர்ற ஞாயிறு முப்பதாம் நாள் பூச. அதுக்குத்தான் வெள்ளச் சட்ட.

அது இல்ல நான் சொல்ல வந்தது. வாயில இருக்குறத எடுத்துட்டுக் கேளு. இத நான் யாருக்கும் சொல்லல, சாமியார்கிட்டக்கூட. ஒன்னய எனக்குத் தெரியாது, அதனால சொல்றேன்.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டொக்டர், சிங்களப் பொடியன். நேத்துல இருந்து என்னா சாப்பிட்டா, என்னா குடிச்சான்னு சிங்களத்துல கேட்டான். நான், எல்லாம் அளந்துதான் குடுத்தேன், நான் அறியாம ஒண்ணும் வாய்க்குள்ள போகலன்னேன். அப்பத்தான் அவரு சொன்னாரு. டொக்டர், பெரகல சந்தியில நிப்பாட்டி ரெண்டு செவ்விளநி வெட்டிக் குடுத்தேன், திகதி கெடச்ச சந்தோசம், பாவம் தாகத்துலயே இருந்த புள்ள, அம்மா தூங்கிக்கிட்டு இருந்தாங்க, எழுப்ப வேணாம்னு அவதான் சொன்னான்னு.

ஒனக்கும் தெரிஞ்சிருக்காது. காய்ச்சல்காரரப் பார்க்கப் போனா நம்ம நாட்டுல எல்லாரும் என்னா கொண்டு போவோம்? செவ்விளநிதானே. பழம் ஆகாது, கீர ஆகாது, உப்பு ஆகாதுன்னு அவருக்கு மனப்பாடம். இளநிய யாரு அதுல சேப்பா? அது மருந்து, ஒடம்பக் குளுத்தும், மூத்திரத்தப் பிரிக்கும்னுதான் அந்த மனுசன் நெனச்சிருக்காரு. நமக்கு நல்லது பண்ற அதே சத்து, கிட்னி வேல செய்யாதவங்க ஒடம்புல தங்கி நெஞ்ச நிறுத்திப்புடும்.

அந்தப் பொடியன் அவர ஒரு தரம் பார்த்தான். அவரு மகளோட செருப்ப நெஞ்சோட புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அவன் என் பக்கம் திரும்பி, இங்கிலீஸ்ல பேச ஆரம்பிச்சான். வந்ததுல இருந்து நான் நர்சுக்கிட்ட இங்கிலீஸ்ல எகிறிக்கிட்டு இருந்தத கேட்டிருப்பான் போல. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னான். எதனாலன்னு சொன்னான். அவருக்கு இங்கிலீஸ் வராது. என் பக்கத்துலேயே நின்னுக்கிட்டு, ரெண்டு பேர் மூஞ்சியயும் மாறி மாறிப் பார்க்குறாரு. டொக்டர் என்னா சொல்றாருன்னு கேட்டாரு. புள்ளைக்கு நெஞ்சு பலவீனமா இருந்திச்சாம், யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க ஏலாதாம்னு சொன்னேன். சிஸ்டர்மாரு சொல்லிக் குடுத்த இங்கிலீஸ் எனக்கு அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் ஒதவுச்சு.

மரண வீட்டுக்கு வந்த அத்தன பேர்கிட்டயும் அவரு அந்தக் கதையச் சொல்றாரு ரிஸ்கா. எத்தன மாசம் தாகத்துல கெடந்த புள்ள, கடைசியா என் கையால வாங்கி வயிறு குளுரக் குடிச்சிட்டுத்தான் போனா, அந்த மட்டுக்குமாவது ஆண்டவர் எனக்கு வச்சாருன்னு. வந்தவங்களும், ஆமாங்க, அதயாவது குடுத்தீங்களேன்னு அழுவுறாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து தலைய ஆட்டுறேன். அவரு புடிச்சுக்கிட்டு நிக்கிறது அந்த ஒண்ணத்தான். அதப் புடுங்கிட்டா மனுசன் லொறியோட பள்ளத்துலதான் எறங்குவாரு.

இப்ப எல்லாரும் சாப்பிடச் சொல்றாங்க. இனி என்னாத்துக்கு எளைக்கணும்னு. அவரு தட்டுல போட்டுப் பெசஞ்சு நீட்டுறாரு. நேருக்கு நேர் ஒக்காந்து வாயத் தொறக்கப் பயமா இருக்கு புள்ள. சோறு உள்ள போறதுக்கு முந்தி அந்த வார்த்த வெளிய வந்துட்டா? நான் கோவக்காரி, வாய அடக்கிப் பழக்கமில்லாதவ. அதனால பசிக்கலன்னு எந்திரிச்சுப் போயிருவேன். முந்தி நான் பசிய அடக்குனேன். இப்ப அடக்குறது வேற.

இந்தா, லொறிய நிப்பாட்டிட்டு வர்றாரு பாரு. கண்ணத் தொடச்சுக்க. மூஞ்சிய அப்பிடி வச்சுக்கிட்டு நிக்காத, சும்மா அளவ எழுது.

வாங்க, உள்ளுக்கு வாங்க, முடிஞ்சிருச்சு. ஒண்ணும் இல்லங்க, நம்ம நிலுக்ஷியப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம், புள்ளைக்கு மனசு தாங்கல. இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. பெரகல சந்தியில அவளுக்கு இளநி வெட்டிக் குடுத்தீங்களே, அத இந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க. நான் தூங்கிட்டேன்ல, எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல.