கை காட்டினால் நிற்கும் பஸ்

கோலா கெத்தில் பக்கம் எங்கள் தோட்டத்து பஸ் கை காட்டினால்தான் நிற்கும். நிறுத்தத்தில் ஆள் இல்லையென்றால் ஓட்டுநர் வேகத்தைக்கூடக் குறைக்க மாட்டார். வெயிலில் யாரும் காத்துக் கிடக்க வேண்டாமே என்றுதான், பஸ் எங்கே வருகிறது என்று கைப்பேசியில் காட்டும் செயலியைச் செய்தேன்.

பஸ்கள் இப்போது எங்கே ஓடுகின்றன என்ற தகவலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். நான் கூலிம் தொழிற்சாலையில் கணினி வேலை பார்த்தவன். வேலை போனது, மனைவியும் போய்ச் சேர்ந்தாள். தோட்டத்து முனை வீட்டில் ஒண்டியாகக் கிடந்தவனுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. "காளிதாசண்ணன் ஆப் சொன்னா சரியா இருக்கும்லா" என்பார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும்.

எங்கள் தோட்டத்து வாசுகி வாரம் மூன்று நாள் சுங்கை பட்டாணிக்கு டயாலிசிஸ் போவார். நிறுத்தத்துக்குக் கூரை இல்லாததால் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து சாலை தெரியாது, செம்பனை மரங்கள் மறைக்கும். ஒருநாள் தகவல் தானாகவே நின்றுபோய், செயலி பழைய இடத்தையே காட்டியது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்வரை இருந்தார். கோப்பி கொடுத்தேன். அவர் தண்ணீரை அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் அரைக் கிளாஸ்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கூப்பிடுவதே இல்லை என்றார். நான் மனைவியைப் பற்றிச் சொன்னேன். என்னிடம் ஒருவர் அவ்வளவு நேரம் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன் பிறகு தகவலை நானே நிறுத்தினேன். அவர் கைப்பேசிக்கு மட்டும். மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்வது என் வழக்கமில்லை.

நேரம் தவறினால் டயாலிசிஸ் மையத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதையும் அவரே சொல்லியிருந்தார். "பரவால்லண்ணே, அடுத்த தடவ போய்க்கிறேன். பஸ்காரனுங்கதான் மோசம்" என்பார். கால் வீங்கியது. தூக்கி வைத்துக்கொள்ள முக்காலி வாங்கிப் போட்டேன். பிறகு முகமும் வீங்கியது.

கூலிமில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஜூலியஸ் அவருக்குப் பக்கத்து வீடு. அதே தகவலை எடுத்து அவனும் ஒரு செயலி செய்திருந்தான். கருமாதி அன்று வாசுகியின் கைப்பேசியையும் தன்னுடையதையும் என் முன்னால் சேர்த்து வைத்தான். "ஒரே டேட்டாதானே அண்ணே. அக்கா ஃபோன்ல மட்டும் பஸ் ஏன் பின்னாலயே நிக்குது?"

நான் மறுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடமும் மறுக்கப் போவதில்லை. பஸ்ஸைப் பிடிக்க விடாமல் செய்தது நான்தான். கடைசி நாளும் என் வாசலில்தான் அவருக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கொஞ்சம் தாமதித்தேன். மகனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பாதியில் எழுந்து போக மனம் வரவில்லை. கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் தனியாகச் சாகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.