கதவு ஊதிப் போச்சுப்பா

இல்லப்பா, தாழ்ப்பாளைத் தொடாதீங்க. போட்டது போட்டபடியே இருக்கட்டும். சிறுத்தைதான்னு சொல்றேன்ல, நாயும் இல்ல, நரியும் இல்ல. வராண்டா கேட்டைத் தொறந்து போட்டுட்டு வந்தது யாரு? நீங்கதான். சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். உள்ள வந்துடுச்சு, பின்னாடியே காத்துல கேட் சாத்திக்கிச்சு. இப்போ வராண்டாவுல இருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க மட்டும் பாத்ரூமை விட்டு வெளிய வராதீங்க.

மெல்லப்பா. கத்தினா ஓடிடும்னு உங்களுக்கு யாரு சொன்னது? ஓடுறதுக்கு வழி வேணாமா? அதுவே மாட்டிக்கிட்டு முழிக்குது. திடீர்னு ஒரு சத்தம் கேட்டா எந்தப் பக்கம் பாயும்னு அதுக்கே தெரியாது. குழாயை மூடிட்டீங்கல்ல? பக்கெட்டை நகர்த்தாதீங்க. துண்டைக் கட்டிட்டு அப்படியே கீழ உக்காருங்க.

டாக்டருக்கு அனுப்பிட்டீங்களா? அதான்ப்பா, நம்ம கேம்ப்புக்கு வர்ற மிருக டாக்டர், மயக்க ஊசி போடுறவரு. நம்பர் சொன்னேன்ல. பேச வேணாம், எழுதியே அனுப்புங்க. கண்ணாடி இல்லேன்னா தள்ளிப் பிடிச்சுப் பாருங்க, எழுத்துப் பிழை வந்தா வந்துட்டுப் போகட்டும். பாத்ரூமுக்குக்கூட ஃபோனைத் தூக்கிட்டுப் போறீங்கன்னு அம்மா எத்தனை திட்டு திட்டுவாங்க. இன்னிக்கு அதுதான் நமக்குக் கை குடுத்திருக்கு.

என்னோடதா? மேசையில சார்ஜ்ல கெடக்கு. எடுக்க முடியல. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஒப்பிக்கிற மாதிரி பேசுறேனா? இருக்கட்டும். இப்படிக் குரலை ஏத்தாம எறக்காம பேசிட்டே இருந்தா, நாம எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியும். திடுக்கிடாது. அதனாலதான் வாய் ஓயாம பேசுறேன். வேற எதையாவது பேசுவோமே. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. இந்தப் படிப்பை விட்டுட்டு வா, அக்கா மாதிரி பேங்க் பரிட்சை எழுதுன்னு சொல்லத்தானே? நீங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள, முதல்ல குளிச்சிட்டு வாங்கன்னு உள்ள தள்ளி விட்டதே நான்தான். மத்தவங்க எல்லாரும் ஜீப்ல காட்டுக்குப் போயிட்டாங்க, உங்களுக்காகத்தான் நான் போகல. தனியா இருக்கும்போதே சண்டையை முடிச்சிடலாம்னு பாத்தேன்.

சித்தப்பா அன்னிக்குக் கேட்டாரே, படிச்சு முடிச்சா புலிக்கு மேனேஜராம்மான்னு. எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களும்தான் சிரிச்சீங்க. எனக்கு ரொம்ப வலிச்சுதுப்பா. சொல்லணும்னு ரொம்ப நாளா…

இருங்க.

ஒண்ணுமில்ல. தலையைத் தூக்கிப் பாத்துச்சு, மறுபடி வெச்சுக்கிச்சு. எனக்கா? எப்படித் தெரியுதுன்னா… ஜன்னல் வழியாத் தெரியுதுப்பா. மூச்சு வாங்குது அதுக்கு. வயசு கம்மிதான், பாவம்.

எங்க விட்டேன்? ஆங், சித்தப்பா. முதல் நாள் வகுப்புல புரொபசரும் அதையேதான் கேட்டாரு, வனவிலங்கு மேலாண்மைன்னா என்னன்னு. நான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, மிருகங்களை நிர்வாகம் பண்றது சார்னேன். உக்காரும்மான்னாரு. மிருகம் தன்னைத் தானே பாத்துக்கும், பக்கத்துல நிக்கிற மனுஷனை நிர்வாகம் பண்றதுதான் இந்தப் படிப்புன்னாரு. கல்லெடுக்கிறவன், போட்டோ புடிக்க முண்டியடிக்கிறவன், கதவைத் தொறந்து எட்டிப் பாக்கிறவன், இவங்களை ஒரு இடத்துல உக்கார வெச்சுட்டாப் பாதி வேலை முடிஞ்சுதாம். அப்போ எனக்குச் சப்புன்னு போச்சு. இதுக்கா இவ்ளோ அடம் புடிச்சு வந்தோம்னு நினைச்சேன்.

அப்பா, கதவைத் தள்ளாதீங்க. தள்ளாதீங்கன்னு சொல்றேன். அது தொறக்காது. மழையில மரம் ஊதிப் போய் இறுகிக் கெடக்கு. ஆமா, இந்தக் கதவு என் பக்கமாத்தான் தொறக்கும், அதுக்குத்தான் சொல்றேன். கையை எடுங்க. எடுத்துட்டீங்களா? சரி.

ஃபோன் அதிருதே, டாக்டரா? வண்டி வந்தாச்சா? மெதுவாப் படிங்க. எந்த ரூம், எந்த மூலைன்னு கேக்குறாரா?

எழுதுங்கப்பா. வராண்டா இல்ல. முன்னாடி அப்படி எழுதியிருந்தா அது தப்புன்னு சொல்லிடுங்க. முன் ரூம். மேசைக்குக் கீழ. ஆமா, என் ஃபோன் கெடக்குற மேசைதான். வாசலுக்கும் எனக்கும் நடுவுல. வாசப் பக்கம் யாரும் வர வேணாம், பக்கவாட்டு ஜன்னல் வழியா ஊசி போடச் சொல்லுங்க. பொண்ணு பாத்ரூம் கதவுகிட்ட நிக்கிறான்னும் போடுங்க, அவர் குறி பாக்கணும்ல.

நிதானமா எழுதுங்க. முதல்லயே சொல்லியிருந்தா உள்ள உக்காந்திருப்பீங்களா? எனக்கு உங்களைத் தெரியாதா.

கதவு ஊதலப்பா. நான்தான் முதுகைக் குடுத்துச் சாஞ்சிட்டு நிக்கிறேன். அனுப்பிட்டீங்களா? அழாதீங்க, சத்தம் கேக்கும். அப்படியே உக்காந்திருங்க. நான் பேசிட்டேதான் இருப்பேன்.