கணினிக்கும் காரணம் எழுதிவைத்த கமலாசனி அம்மையாருக்கு

கண்டி மலையருவி அச்சகத்தின் கணினி அறையைக் கண்ணும் கருத்துமாய்க் காத்த கமலாசனி நவரட்ணராஜா அம்மையீர்! கண்டிப்பிலும் கனிவு குறையாத எங்கள் மிஸ்!

கலவரச் சூடு ஆறாத எண்பத்து நான்கில் தட்டெழுத்தாளராக வந்தீர்கள். போர் ஓயாத இரண்டாயிரத்து எட்டில் பொறுப்பாளராக விடைபெறுகிறீர்கள். இடையில் மின்வெட்டையும் ஊரடங்கையும் தங்கள் தேநீரையும் சேர்ந்தே சகித்தோம். தேநீரில் சீனி இருந்ததாக நினைவில்லை. ஆயினும் அந்த நாட்களை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

தொண்ணூற்றொன்பதில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பிழைதிருத்துநர் வீரய்யா வேலையில் குனிந்தால் வேளை அறியாதவர். அடையாள அட்டை கைக்கு வராததால் இருட்டுமுன் ஊருக்குப் போகும் கலஹா பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். அவருக்காக, மாலை நாலு பத்துக்குக் கணினி மும்முறை ஒலிக்கும்படி, அது படித்து நடக்கும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தீர்கள். ஏனென்று எழுதவில்லை. ஒலியின் தொல்லை தாங்காமல், கணினி அறைக்குப் புதிதாய் வந்திருந்த றிஸ்வி அந்த வரியை அழித்தார். அன்று வீரய்யா பஸ்ஸைத் தவறவிட்டார். சோதனைச் சாவடியில் பிடிபட்டு இரண்டு நாள் பொலிசில் இருந்தார்.

இரண்டு நாளும் பொலிஸ் வாசலில் நின்று அவரை மீட்டு வந்தீர்கள். அழுதுகொண்டிருந்த றிஸ்வியிடம், "உம்மில பிழையில்லை. ஏனெண்டு நான் எழுதேல்லை, அதுதான் பிழை" என்றீர்கள்.

அடுத்த வாரமே அமைப்புக் கோப்புகளையெல்லாம் ஒரே ஆவணமாகத் திரும்ப எழுதினீர்கள். மேலே மனிதர் வாசிக்கக் காரணம். கீழே கணினிக்கான வரி. வரிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கணினியிடம் கொடுக்க ஒரு சிறு நிரல். "மின்வெட்டில் தட்டெழுத்தாளர் ஐரின் தட்டிய நாற்பது பக்கமும் போயிற்று, ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்க" என்றிருக்கும். புதுக் கணினி வந்தாலும் அந்த ஆவணத்தைக் கொடுத்தால் அரை மணியில் பழைய பழக்கமெல்லாம் அதில் குடியேறிவிடும். எங்கள் வாழ்க்கையே அதில் இருக்கிறது, அம்மையீர்!

சென்ற வாரம், பொறுப்பை றிஸ்வியிடம் ஒப்படைக்குமுன், நாலு பத்து ஒலிக்கான பத்தியில் வரியை அழித்தவராகக் குறித்திருந்த அவர் பெயரை நீக்கப் போனீர்கள். புதிதாய் வருபவர்கள் அவரைத் தாழ்வாக எண்ணிவிடுவார்களோ என்று தங்களுக்குக் கவலை. பெயர் இருக்கட்டுமென்று றிஸ்வி விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஈக்கட்டும் மிஸ். நாளைக்கு வாரவன் ஒரு வரிய அழிக்கப் போனா, அதுக்குப் பின்னால ஒரு ஆள் ஈக்கிறது தெரியணும்."

தாங்கள் எழுந்து, தங்கள் கதிரையை அவருக்கு விட்டுக்கொடுத்தீர்கள்.

வேளைக்கு உறக்கமும் வீடு நிறைந்த சிரிப்பும் நோயறியா உடலுமாய் நெடுங்காலம் வாழ்க, அம்மையீர்!

அன்பு மாறாத,
மலையருவி அச்சக ஊழியர்கள்
கண்டி, மார்கழி 2008