விமானத்துக்குச் சாணி

சண்டை ஓய்ந்த சமயம். ஸ்ரீரங்கத்தில் திருவெள்ளறை பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. எரிச்சலோடு நின்றேன். எதிர் சீட்டில் விமானப்படையிலிருந்து லீவில் வந்த ஒருவன், பெண் பார்க்கப் போகிறான். பக்கத்தில் அவன் மாமா.

"தரகர் உன்னைப் பைலட்டுன்னு சொல்லி வெச்சிருக்காரு. நீயும் அப்படியே சொல்லிடு."

"மாட்டேன் மாமா. நான் மெக்கானிக். விமானத்துக்குச் சாணி பூசினவன்."

"மெதுவாப் பேசுடா! இதைக் கேட்டா பொண்ணு குடுப்பாங்களா?"

"விமானம் வெள்ளியாட்டம் மின்னும் மாமா. தரையில நின்னா எதிரிக்கு மேலேருந்தே தெரிஞ்சுடும். பெயிண்ட் தீந்துபோச்சு. சேத்தையும் சாணியையும் குழைச்சுப் பூசினோம். குண்டு போட வந்தவன் கண்ணுக்கு விமானம் தெரியல, பக்கத்துப் பொட்டல்ல போட்டுட்டுப் போயிட்டான். எங்க பைலட் ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"சாணிக் கையையா?"

"ஆமா."

கொள்ளிடம் பாலம் தாண்டும்வரை மாமா ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். பொய்யைக் கைவிட மனசு வராத ஆள் என்று எனக்குக் கோபம். பிறகு சொன்னார்.

"பொண்ணோட அப்பா மாடு கன்னு வெச்சிருக்கிறவரு. நடந்ததையே சொல்லு. ஆனா, அப்புறம் கையைக் கழுவிட்டேன்னும் சேத்துச் சொல்லு."